காலையில் வரும் சிறு பெட்டி

நான் கணினி படித்தவள் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். கணினியை முதன்முதலாகத் தொட்டதே இரண்டாம் வருடத்தில், ஒப்படையைத் தட்டச்சுச் செய்து தரும்படி விரிவுரையாளர் சொன்ன பிறகுதான். ஆகவே இதை ஒரு நிபுணரின் ஆலோசனையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய கணினி ஒன்றோடு நாங்கள் சில பெண்கள் பட்ட பாட்டையும் அதில் நான் விட்ட பிழையையும் எழுதினால், வேறொரு நிலையத்தில் இதே பாடுபடும் சகோதரிகளுக்கு உதவும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

2016 ஆம் ஆண்டு, கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்த மகளிர் நிலையத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வந்துகொண்டிருந்தேன். தகரக்கூரை போட்ட ஒரு மண்டபம், நாலு தையல் மெசின், ஓர் இரும்பு அலுமாரி, ஒரு கணினி. இவைதான் நிலையத்தின் சொத்து. கணினி கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டது. கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்திருந்தது. பென்டியம் 4 ரகம், நினைவகம் 512 மெகாபைற், அதில் விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பி 2001 இல் வெளிவந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8 உடன் நிறுத்திவிட்டது. நாங்கள் அதைத் தொடர்ந்து பாவித்தது தெரியாமல் அல்ல, வேறு இல்லாமல். நிலையத்தில் இணைய இணைப்பு இல்லாதபடியால் அது ஒருவாறு ஓடியது.

ஒருவாறுதான். காலையில் ஆளியைப் போட்டுவிட்டு மண்டபத்தைக் கூட்டி, தண்ணீர் அள்ளி வைத்து, தேநீரும் ஊற்றி முடித்தால்தான் திரை பாவனைக்கு வரும். அதற்கிடையில் ஒரு சிறு பெட்டி திரையின் நடுவில் வந்து நிற்கும். ஏதோ ஒரு கோப்பைத் திறக்க முயன்றதாகவும், அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ‘ஓகே’ என்ற பொத்தானை அழுத்தினால் போய்விடும். மறுநாள் காலை திரும்பவும் வரும். கணினிக்குப் பொறுப்பாயிருந்த தங்கச்சி அதைப் பார்க்காமலே அழுத்தப் பழகிவிட்டிருந்தாள். ஷெல் காயத்தில் வலது கையில் இரண்டு விரல்களை இழந்தவள் அவள். மிச்ச விரல்களால் எங்கள் எல்லாரையும் விட வேகமாகத் தட்டச்சுச் செய்வாள்.

அந்தப் பெட்டியை முதலில் கவனித்துக் கேட்டவர் கணினியைத் தொட்டுமறியாத ஓர் அம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். 2009 இல் மகனைப் பிரிந்தவர். கடிதங்கள் எழுதுவிப்பதற்காக மாதத்தில் இரண்டு மூன்று தடவை வருவார். காலை பஸ்ஸில் வந்தால் மத்தியானம்தான் திரும்பிப் போக பஸ். ஆகவே கணினி எழும்பும் வரைக்கும் எங்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

“என்ன பிள்ளை, உது ஒவ்வொரு நாளும் என்ன கேக்குது?” என்றார்.

“ஒண்டுமில்லை அம்மா. ஏதோ ஒண்டைத் தேடுதாம், காணேல்லையாம்” என்றேன் நான், கையிலிருந்த வரவுப் புத்தகத்தைப் பார்த்தபடி.

“எத்தினை நாளாத் தேடுது?”

“ஒரு வருசம் இருக்கும்” என்றாள் தங்கச்சி.

அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அதுக்கும் ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லைப் போல.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மனிதரையும் இயந்திரத்தையும் ஒப்பிட்டுப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வருடமாக நாங்கள் படிக்காமலே மூடிய ஒரு வாசகத்தை, ஆங்கிலம் தெரியாத ஒருவர் என்னவென்று கேட்டாரே என்று வெட்கமாக இருந்தது. அன்றுதான் அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று தங்கச்சி தன்னுடைய சீ.ஆர். கொப்பியில் எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதினாள். இந்தக் கொப்பியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் ரவுணில் உள்ள ஒரு கணினிக் கடையில் விசாரித்தோம். பெட்டியைக் கொண்டுவந்து தாருங்கள், ‘போமற்’ பண்ணித் தருகிறோம், புதுசு மாதிரி ஓடும் என்றார்கள். போமற் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. எங்கள் கணினிக்குள் இருந்தவை சுழற்சிக் கடன் கணக்குகள் மட்டுமல்ல. வீட்டில் அடிவாங்கிய பெண்கள் சொன்ன விபரங்கள், பிள்ளைகளின் படங்கள், ஆணைக்குழுக்களுக்கு அனுப்பிய முறைப்பாடுகளின் பிரதிகள். அவற்றைப் பென் ட்ரைவில் பிரதி எடுத்துவிட்டுக் கொடுக்கலாம்தான். ஆனால் அழித்ததாகச் சொன்ன கோப்புகளைத் திரும்ப எடுக்கலாம் என்பதும், கடையில் இரண்டு நாள் கிடக்கும் பெட்டியை யார் யார் திறப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன. கடைக்காரரை நான் சந்தேகிக்கவில்லை. நம்பிக்கையில் ஒரு பெண் சொன்னதை நம்பிக்கையான இடத்தில் வைத்திருப்பது என்னுடைய வேலை. பெட்டியைக் கொடுப்பதில்லை, நாங்களே பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். இன்றைக்கும் இந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஒருத்தியின் தம்பி கணினித் துறையில் வேலை செய்தான். தொலைபேசியில் அவன் விளங்கப்படுத்திய விதம் எனக்குப் பிடித்துப்போனது. “அக்கா, ஸ்கூல்ல காலமை இடாப்புக் கூப்பிடிறேல்லையே? அதுமாதிரித்தான். விண்டோஸ் எழும்பின உடன ஒரு இடாப்பை வாசிக்கும். அதில உள்ள ஒவ்வொரு பேருக்கும் உரிய புரோகிராமைக் கூப்பிட்டு எழுப்பும். புரோகிராம் போட்டுது, பேர் இருக்குதெண்டால் கூப்பிட்டுப் பாத்திட்டு ‘ஆளில்லை’ எண்டு சொல்லும். அதுதான் உங்கட பெட்டி.”

அந்த இடாப்பைப் பார்ப்பதும் பெரிய காரியமில்லை. எக்ஸ்பியில் ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தி ‘ரன்’ என்பதைத் தெரிவுசெய்து, வரும் கட்டத்தில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியில்லாமல் தட்டினால் ஒரு சாளரம் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் இடாப்பு இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சிறு சதுரம். சரி அடையாளம் இருந்தால் காலையில் கூப்பிடப்படும், எடுத்துவிட்டால் கூப்பிடப்படாது. அருகில் அந்தப் புரோகிராம் கணினியில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரியும் காட்டப்படும். விண்டோஸ் 7 இலும் இதே முறைதான்.

எங்கள் இடாப்பில் இருபத்துமூன்று பெயர்கள் இருந்தன. இருபத்துமூன்றும் வாயில் நுழையாத ஆங்கிலச் சுருக்கங்கள். தங்கச்சி அவற்றைக் கொப்பியில் எழுத, நான் முகவரியைப் பார்த்து அந்தப் புரோகிராம் உண்மையில் அங்கே இருக்கிறதா என்று தேடினேன். ஒரு முழு நாள் போனது. சமூகவியல் படித்தவளுக்கு அது வீணான நாளாகத் தெரியவில்லை. ஒரு குடும்பத்தின் குப்பைத் தொட்டியைப் பார்த்து அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லலாம் என்பார்கள். அதுபோல அந்த இடாப்பில் எங்களுக்கு முன்னால் கணினியை வைத்திருந்தவரின் வாழ்க்கை கிடந்தது. எங்களிடம் ஒருபோதும் இருந்திராத ஒரு பிறின்ரருக்கான வரி. ஒரு ஸ்கானருக்கான வரி. ஒரு பழைய கைத்தொலைபேசியைக் கணினியோடு பொருத்துவதற்கான வரி. நண்பர்களோடு எழுத்தில் அரட்டை அடிப்பதற்கான வரி. பிரெஞ்சு மொழி அகராதி ஒன்றுக்கான வரிகூட இருந்தது. அவர் வெளிநாடு போகப் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்றாள் தங்கச்சி. போய்ச் சேர்ந்தாரோ தெரியாது.

புரோகிராம் போனபிறகு பெயர் ஏன் தங்குகிறது? அந்தத் தம்பியிடம் கேட்டும் பின்னர் நாங்களாகப் பார்த்தும் அறிந்தது இதுதான். ஒரு புரோகிராமை முறைப்படி நீக்குவதானால் ‘கொன்ட்ரோல் பனல்’ வழியாகப் போய் நீக்க வேண்டும். பலர் அப்படிச் செய்வதில்லை. அது இருக்கும் கோப்புறையைப் பிடித்து அப்படியே அழித்துவிடுவார்கள். ஆள் போய்விடும், இடாப்பில் பெயர் இருக்கும். முறைப்படி நீக்கினாலும் சில புரோகிராம்கள் தம்முடைய வரியைத் துடைக்காமலே போய்விடுகின்றன. இன்னொன்று, நான் முதலில் நம்ப மறுத்தது. இந்த இடாப்பில் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால், விண்டோஸ் அந்தப் பெயரை அழிப்பதில்லை, வேறோர் இடத்துக்கு மாற்றி வைக்கிறது. பிறகு நாம் அந்தப் புரோகிராமை நீக்கும்போது, அது தன்னுடைய பழைய இடத்தில் பெயரைத் தேடிவிட்டு, இல்லையென்று போய்விடும். மாற்றி வைக்கப்பட்ட பெயர் அங்கேயே கிடக்கும். நிறுத்திவைக்கப்பட்டவர்களின் பட்டியலில் இல்லாதவர்களும் சேர்ந்திருப்பது இப்படித்தான்.

எங்கள் காலைப் பெட்டிக்குக் காரணம் வேறு. அதன் முகவரியில் இருந்தது ஒரு வைரஸின் பெயர். அந்தக் காலத்தில் பென் ட்ரைவை ஒரு கணினியில் செருகி எடுத்தாலே வைரஸ் தொற்றிக்கொள்ளும். எங்கள் கணினிக்கும் 2015 இல் அப்படி வந்து, யாரோ ஒருவர் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்து ஓடவிட்டிருந்தார். அது வைரஸின் கோப்பை அழித்தது. இடாப்பில் வைரஸ் எழுதிவைத்துவிட்டுப் போன வரியை அழிக்கவில்லை. செத்த பாம்பை ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எங்கள் கணினி.

இனி என்னுடைய பிழை.

அன்று பின்னேரம், இருபத்துமூன்றையும் பார்த்த களைப்பிலும் விளங்கிவிட்டது என்ற உற்சாகத்திலும், நான் எல்லாச் சதுரங்களிலிருந்தும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் எடுப்பதற்கென்றே அங்கே ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரே அழுத்து. தங்கச்சி, “மிஸ், இன்னும் ஆறு பேரை என்னவெண்டு பாக்கேல்லை” என்றாள். நாளைக்குப் பார்க்கலாம், இப்ப துப்புரவாக்கிவிட்டுப் போவோம் என்றேன். துப்புரவு என்ற சொல்லில் எனக்கு எப்போதும் ஒரு மயக்கம்.

மறுநாள் கணினி உண்மையில் வேகமாக எழும்பியது. காலைப் பெட்டி வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு பெட்டி வந்து, நீங்கள் தொடக்க ஒழுங்கை மாற்றியிருக்கிறீர்கள் என்று அறிவித்தது. எக்ஸ்பியின் வழக்கம் அது. இனி இதைக் காட்டாதே என்று அதன் கீழே உள்ள சதுரத்தில் சரி போட்டால் போய்விடும். சிரித்துக்கொண்டே போட்டோம்.

அந்த அம்மா அன்றைக்கு அவசரக் கடிதம் ஒன்றோடு வந்திருந்தார். கிராமத்துக் குடும்ப விபரங்களைப் புதுப்பிக்க வந்த ஒருவர், ஏழு வருடமாக ஆளைக் காணவில்லைத்தானே என்று சொல்லி, மகனின் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டாராம். அந்தப் பெயரைத் திரும்பச் சேர்க்கும்படி அன்றைக்கே கடிதம் கொடுக்க வேண்டும். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள், ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது அந்த 2016 இல்தான். அம்மாவுக்கு அந்தச் செய்தியும் அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. அதைப் பற்றியும் கடிதத்தில் கேட்க வேண்டும் என்றார்.

தங்கச்சி தட்டச்சுச் செய்யத் தொடங்கினாள். திரையில் ஆங்கிலம் வந்தது. மொழி மாற்றும் விசைகளை அழுத்தினாள். ஆங்கிலம்தான் வந்தது. நாங்கள் ‘இ-கலப்பை’ என்ற இலவசத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பாவித்தோம். கணினி எழும்பும்போதே அதுவும் எழும்பும்படி யாரோ முன்பு வைத்திருந்தார்கள். பார்க்காமல் விட்ட ஆறு பேரில் அதுவும் ஒன்று. வேண்டாதவர்களோடு சேர்த்து எங்கள் தமிழையும் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன்.

பஸ்ஸுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பொலித்தீன் பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான் பேனையை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினேன். தங்கச்சி கொப்பியைப் புரட்டினாள். இருபத்துமூன்று பெயர்களும் முகவரிகளும் அதில் இருந்தன. முகவரியைக் கொண்டு தமிழ்த் தட்டச்சைக் கண்டுபிடித்து, அந்தச் சதுரத்தில் திரும்பச் சரி போட்டு, கணினியை ஒருமுறை நிறுத்தி எழுப்பினாள். ‘அ’ வந்தது. அம்மாவின் கடிதம் பதினொன்றரைக்குத் தயாரானது. என்னுடைய கையெழுத்துப் பிரதி அரைவாசியில் நின்றது.

நான் சரி அடையாளத்தை எடுத்திருந்தேனே தவிர எதையும் அழித்திருக்கவில்லை. அதனால்தான் தப்பினோம். எடுத்துவிட்ட பெயரை விண்டோஸ் வேறிடத்தில் வைத்திருக்கும் என்று சொன்னேன் அல்லவா? குப்பை சேருவதற்குக் காரணமான அதே வழக்கம்தான் அன்று எங்களுக்குத் தமிழைத் திருப்பித் தந்தது. ‘ஸ்டார்ட்அப்’ என்ற கோப்புறையில் இருந்த குறுக்குவழி என்றால், அதை விண்டோஸ் தன்னுடைய கோப்புறைக்குள்ளேயே பி.எஸ்.எஸ். என்ற சிறு கோப்புறையில் கொண்டுபோய் வைக்கிறது. எங்கள் இ-கலப்பை அங்கேதான் ஒரு இரவு தங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பெயர்களை மட்டும் பார்த்தோம். என்னவென்று தெரியாத பெயரை நிறுத்தாமல் விட்டோம். ‘சி.ரி.எஃப்.மொன்’ என்று ஒரு பெயர் இருந்தது. பார்த்தால் வைரஸ் போலத் தெரியும். விசாரித்தால், ஆங்கிலமல்லாத மொழிகளை உள்ளிடுவதற்கு உதவும் விண்டோஸின் சொந்தப் புரோகிராம். இப்படியான அப்பாவிகள் பெயரால் மாட்டிக்கொள்கிறார்கள். இருபத்துமூன்றில் முகவரியில் ஆளே இல்லாதவை ஏழு. ஆள் இருந்தும் எங்களுக்கு வேண்டாதவை எட்டு. மிச்சம் எட்டும் வேண்டியவை. வேண்டாத எட்டையும் முறைப்படி கொன்ட்ரோல் பனல் வழியாக நீக்கினோம். இடாப்பில் சரி அடையாளத்தைத் திரும்பப் போட்டுவிட்டுப் பிறகு நீக்கினால் பெயரும் பெரும்பாலும் கூடவே போகிறது என்பதைத் தங்கச்சிதான் கண்டுபிடித்தாள்.

ஆளில்லாத ஏழு பெயர்களை எடுப்பதற்கு ‘ரெஜிஸ்ற்றி’ என்ற பதிவேட்டுக்குள் போக வேண்டியிருந்தது. விண்டோஸின் உயிர் அதில்தான் இருக்கிறது. அங்கே பிழையான ஒரு வரியை அழித்தால் கணினி எழும்பாமலே போகலாம். பயந்து பயந்துதான் போனோம். அதைத் திறக்கும் சாளரத்தில் ‘ஃபைல்’ என்பதன் கீழ் ‘எக்ஸ்போர்ட்’ என்றிருக்கும். அழிக்கப்போகும் பகுதியை அதன் மூலம் முதலில் பென் ட்ரைவில் பிரதி எடுத்துவைத்தோம். பிழைத்தால் அந்தப் பிரதியின்மேல் இருமுறை கிளிக் செய்தால் பழைய வரிகள் திரும்ப வந்துவிடும். இயங்கும் பெயர்கள் மைக்ரோசொப்ட், விண்டோஸ், கரண்ட் வேர்ஷன் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போய் ‘ரன்’ என்ற இடத்தில் இருக்கும். நிறுத்திவைத்த பெயர்கள் மைக்ரோசொப்ட்டின் கீழ் ‘ஷெயார்ட் ரூல்ஸ்’ என்பதற்குள் இருக்கும். இரண்டு இடத்திலும், கொப்பியில் ‘ஆளில்லை’ என்று எழுதியிருந்த பெயர்களை மட்டும், ஒருத்தி வாசிக்க மற்றவள் அழித்தாள். இதைச் செய்து தருகிறோம் என்று விளம்பரப்படுத்தும் இலவச மென்பொருள்கள் ஏராளம். நூற்றுக்கணக்கில் பிழை இருப்பதாகப் பயமுறுத்தி எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் துடைத்துவிடுவார்கள். நான் பொத்தானை அழுத்திய அதே வேலைதான். பதிவேடு துப்புரவாக்கும் மென்பொருள்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்ட்டே அறிவித்திருக்கிறது.

அடுத்த முறை அம்மா வந்தபோது தேநீர் குடித்தபடி திரையைப் பார்த்தார். பெட்டி வரவில்லை.

“என்ன, கண்டுபிடிச்சிட்டியளோ?”

இதற்கு என்ன சொல்வது என்று நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கவில்லை. “இல்லை அம்மா. அது ஆரெண்டு தெரிஞ்சிட்டுது. முந்தி எங்கட ஆக்கள்தான் ஒரு வைரஸை அழிச்சவை. அழிச்சது நிச்சயமெண்டு பாத்திட்டுத்தான் பேரை எடுத்தனாங்கள்.”

“நிச்சயமாத் தெரிஞ்சா எடுக்கலாம்தானே” என்றார் அம்மா. பிறகு பையிலிருந்து கடிதப் பிரதியை எடுத்து, அதில் அடிக்கப்பட்டிருந்த அலுவலக முத்திரையைக் காட்டினார். கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வருடப் பட்டியலில் மகனின் பெயர் திரும்ப எழுதப்பட்டது.

கணினி வேகமானதா என்று கேட்பீர்கள். கொஞ்சம். ஆளுள்ள எட்டுப் புரோகிராம்களை நீக்கியதால் வந்த வேகம் அது. ஆளில்லாத பெயர்களை எடுத்ததால் வேகம் வந்ததாகத் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்து இல்லையென்று விடுவதற்குக் கணினிக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. 512 மெகாபைற் நினைவகத்தைத் துப்புரவாக்கி 1024 ஆக்க முடியாது. வேகத்துக்காக மட்டும் இதில் மினக்கெடுபவர்கள் ஏமாறுவார்கள்.

எங்களுக்குக் கிடைத்த பலன் வேறு விதமானது. மூன்று மாதம் கழித்து, ஒரு கருத்தரங்குப் படங்களைக் கொண்டுவந்த ஒருவரின் பென் ட்ரைவைச் செருகிய மறுநாள், தங்கச்சி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். “மிஸ், எங்கட எட்டுப் பேர் இண்டைக்கு ஒன்பது.” இருபத்துமூன்று பெயர்களுக்குள் ஒரு புதியவர் வந்து குந்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. எட்டுப் பேரையும் பெயர் சொல்லி அறிந்திருந்ததால் ஒன்பதாவது ஆள் உடனே கண்ணில் பட்டது. அது வைரஸ்தான். கோப்புகள் எதற்கும் சேதம் வருமுன் அவளே அதை நிறுத்தி, பிறகு அழித்து, அதன் வரியையும் மறக்காமல் எடுத்தாள்.

அந்தக் கணினி 2019 இல் ஒரேயடியாக நின்றுவிட்டது. உள்ளே இருந்த வன்தட்டைக் கழற்றி அலுமாரியில் பூட்டிவைத்திருக்கிறோம். இப்போது நிலையத்தில் இருப்பது விண்டோஸ் 10 போட்ட ஒரு மடிக்கணினி. அதற்கும் 2025 ஒக்ரோபர் 14 உடன் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. கைமாறி வருபவை எங்களிடம் வந்து சேரும்போது எப்போதும் அவற்றின் காலம் முடிந்திருக்கிறது. விண்டோஸ் 8 இலிருந்து இடாப்பு ‘ராஸ்க் மனேஜர்’ என்பதற்குள் போய்விட்டது. கொன்ட்ரோல், ஷிஃப்ற், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் வரும். அங்கேயும் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பக்கம்தான். முன்னர் சரி அடையாளம், இப்போது ‘டிசேபிள்’ என்ற சொல், வேறொன்றும் மாறவில்லை. மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் ‘ஓட்டோறன்ஸ்’ என்ற சிறு கருவியும் இருக்கிறது. ஆளில்லாத வரிகளை அது மஞ்சள் நிறத்தில் காட்டுகிறது. நாங்கள் கொப்பியில் ஒரு வாரம் செய்த வேலை அதில் ஒரு நிமிடம். ஆனால் அதில் அழித்தால் அழித்ததுதான், திரும்ப வராது. ஆகவே அதிலும் முதலில் சரி அடையாளத்தை எடுத்துவிட்டுச் சில வாரம் பொறுத்திருக்கிறோம்.

போன மாதம் நிலையத்துக்குப் போயிருந்தேன். தங்கச்சி இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். சனிக்கிழமைகளில் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறாள். என்னைக் கண்டதும் மடிக்கணினியைத் திறந்து இடாப்பைக் காட்டினாள். நடுவில் படமில்லாமல், சொந்தப் பெயருமில்லாமல், வெறுமனே ‘புரோகிராம்’ என்று ஒரு வரி நின்றது. ஆள் இல்லாத இடத்தில் விண்டோஸ் 10 அப்படித்தான் காட்டும்.

“எடுப்பமோ?” என்று கேட்டேன், வேண்டுமென்றே.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேலே உள்ள தலைப்பு வரியில் வலது கிளிக் செய்து, ‘கொமாண்ட் லைன்’ என்பதைத் தெரிவுசெய்து, அந்த வரியின் முகவரியை வரவழைத்தாள். முன்பு பாவித்த இணைய டொங்கிள் ஒன்றின் மிச்சம் அது. டொங்கிள் உடைந்து இரண்டு வருடமாகிவிட்டது. புதிய சீ.ஆர். கொப்பி ஒன்றில் திகதியைப் போட்டு, பெயர் இருந்த இடத்தில் ‘புரோகிராம் (டொங்கிள்)’ என்றும், பக்கத்தில் ‘நிறுத்தியது’ என்றும் எழுதினாள். அழிப்பதற்கான திகதியை ஒரு மாதம் தள்ளிப் பென்சிலால் குறித்துவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிடப் போனாள்.